விரல் போனா எவ்வளவு?

உங்க கிளாஸ்ல பண்ருட்டி, திருவதிகைப் பக்கத்துப் பையனோ பொண்ணோ இருக்காங்களா? இருந்தா கேன்டீனுக்குக் கூட்டிட்டுப் போய் ஒரு டீ வாங்கிக் கொடுத்து, "உங்க ஊர்ல முந்திரி உடைக்கிறவங்க கையைப் பார்த்திருக்கியா?"ன்னு கேளுங்க. அதுவரைக்கும் பலாப்பழப் பெருமை பேசிட்டிருந்த ஆள் கொஞ்ச நேரம் சத்தம் போடாம டீயைக் குடிப்பாங்க.

சின்ன வயசுல மாங்காய்ப் பால் பட்டு உதடு புண்ணாகியிருக்கா? மா, முந்திரி, சேங்கொட்டை மூணும் ஒரே தாவரக் குடும்பம். முந்திரி ஓட்டுக்குள்ள தேன்கூடு மாதிரி சின்னச் சின்ன அறைகள் இருக்கும். அதுல அனகார்டிக் அமிலம், கார்டால் எல்லாம் கலந்த ஒரு பிசுபிசுப்பான எண்ணெய். கெமிஸ்ட்ரி பசங்களுக்கு அது பெயின்ட்டுக்கும் பிரேக் லைனிங்குக்கும் போற அருமையான மூலப்பொருள். கொட்டையைக் கட்டர்ல வெச்சு உடைக்கிற அம்மாவுக்கு, தோலைக் கறுக்க வெச்சு உரிச்சு எடுக்கிற திராவகம். கிளவுஸ் போட்டா வேகம் வராது. கிலோ கணக்குல கூலி வாங்கும்போது வேகம்தான் சோறு. அதனால சாம்பலையும் விளக்கெண்ணெயையும் தடவிக்கிட்டு உட்கார்ந்துடறாங்க. விரல் நுனி கறுத்துப் போய், ரேகையே மங்கிப் போனவங்க உண்டு. ரேஷன் கடையில விரலை வெச்சா மெஷின் 'நீ நீயில்லை'ங்குற கொடுமையும் அவங்களுக்கு நடக்கும்.

திருவதிகைன்னா பக்திமான்களுக்கு வீரட்டானேஸ்வரர் கோயில், கெடிலம் ஆறு, அப்பர். சூலை நோயில வயிறு துடிச்சு, எந்த வைத்தியமும் கேட்காம, அக்கா திலகவதியாரைத் தேடி வந்து, அவங்க கொடுத்த திருநீறைப் பூசிக்கிட்டுக் குணமானவர்னு பெரியபுராணம் சொல்லுது. கோயில்ல அவர் சிலையைப் பாருங்க, கையில உழவாரம் இருக்கும். புல் செதுக்குற கருவி. வேலை செய்யற ஆளுக்கான கருவியோட நிக்கிற சாமியார் நமக்கு ரொம்பப் பேர் இல்லை. அவருக்கு வலிச்சப்ப 'இங்க வலிக்குது'ன்னு போய்ச் சொல்ல ஒரு இடம் இருந்துச்சு. இன்னிக்கு அதே சுத்துவட்டாரத்துல கை வெந்தா, விரல் போனா, எங்க போய்ச் சொல்றதுன்னு நிறைய வீட்டுல தெரியலை. அந்த வீட்டுல காலேஜ் போற ஒரே ஆள் நீங்கன்னா, இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்.

அடிபட்டா வழக்கமா நடக்கிற சினிமா எல்லாருக்கும் தெரியும். மெஷின்ல கை போகும். மேஸ்திரி ஓடி வந்து துணியைச் சுத்தி ஆட்டோவுல ஏத்துவார். போற வழியிலேயே மெதுவா சொல்வார்: "ஆஸ்பத்திரியில கேட்டா வீட்டுல கதவு இடுக்குல மாட்டிக்கிச்சுன்னு சொல்லிடுப்பா, இல்லைன்னா போலீஸ் கேஸாயிடும், முதலாளி செலவைப் பார்த்துப்பார்." வலியில இருக்கிறவன் தலையாட்டுவான். ரெண்டு நாள் பில்லை முதலாளி கட்டுவார். மூணாவது நாள் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வரும், கூடவே ஒரு ஐயாயிரம். அடுத்த மாசம் போன் எடுக்க மாட்டார். வீட்டுல பாட்டி 'எல்லாம் தலையெழுத்து'ன்னு முடிச்சு வெச்சுடுவாங்க.

தலையெழுத்து இல்லைங்க, அதுக்குக் கணக்கு இருக்கு. அதுவும் தசம புள்ளியோட.

1884-லேயே ஜெர்மனியில பிஸ்மார்க் தொழிலாளர் விபத்து இன்சூரன்ஸ் சட்டம் கொண்டு வந்துட்டார். தொழிலாளி மேல பாசம் பொங்கி இல்லை. சோஷலிஸ்டுகள் பக்கம் போயிடக் கூடாதேங்குற கவலை. நமக்கு வெள்ளைக்காரன் காலத்துல 1923-ல தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் வந்துச்சு. 2009 திருத்தத்துல 'ஒர்க்மென்'னு இருந்த பேர் 'எம்ப்ளாயீ'ன்னு மாறுச்சு, ஆபீஸ் கிளார்க்கும் உள்ள வந்தார். 2025 நவம்பர் 21-ல இருந்து அந்தச் சட்டமும் இ.எஸ்.ஐ. சட்டமும் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள்ள போயிடுச்சு. பேரும் செக்‌ஷன் நம்பரும் மாறியிருக்கு. அடிப்படைக் கணக்கு அப்படியே வந்திருக்கு.

அந்தக் கணக்கை ஒரு தடவை போட்டுப் பார்ப்போம், பேனா எடுங்க.

20 வயசுப் பையன். மாசம் 12,000 சம்பளம். மெஷின்ல ஆள்காட்டி விரல் முழுசாப் போயிடுச்சு. நிரந்தரமா முழு ஊனம்னா, சம்பளத்துல 60 சதவீதம் எடுத்து, வயசுக்குன்னு அட்டவணையில இருக்கிற எண்ணால பெருக்கணும். 20 வயசுக்கு அந்த எண் 224. அப்போ 7,200 பெருக்கல் 224, அதாவது 16,12,800 ரூபாய். ஒரு கையில ஆள்காட்டி விரல் முழுக்கப் போனா சட்டப் பட்டியல்படி சம்பாதிக்கிற திறன்ல 14 சதவீத இழப்பு. அதனால 2,25,792 ரூபாய். கட்டைவிரல்னா 30 சதவீதம், 4,83,840 ரூபாய். உயிரே போயிட்டா 60-க்குப் பதிலா 50 சதவீதம், 13,44,000 ரூபாய். வயசு ஏற ஏற அந்த எண் இறங்கும். 40 வயசுக்கு 184.17, 50 வயசுக்கு 153.09. இன்னும் எத்தனை வருஷம் சம்பாதிச்சிருப்பாங்கங்குறதுதான் அடிப்படை. எவ்வளவு பெரிய சம்பளம் வாங்கினாலும் கணக்குல எடுத்துக்கிற சம்பளத்துக்கு 2020 ஜனவரியில 15,000-னு ஒரு உச்சவரம்பு வெச்சாங்க. அது குறைச்சல்தான், அதுல எனக்கும் கோபம் உண்டு. ஆனா அந்த ஆப்பிள், ஹார்லிக்ஸ், ஐயாயிரத்தோட ஒப்பிட்டுப் பாருங்க.

எலும்பு முறிஞ்சு மூணு மாசம் வேலைக்குப் போக முடியலை, அப்புறம் சரியாயிடும்னா? அதுக்கும் உண்டு. 15 நாளுக்கு ஒரு தடவை, மாசச் சம்பளத்துல 25 சதவீதம். அதாவது மாசத்துக்குப் பாதிச் சம்பளம். மருத்துவச் செலவு தனி.

இங்கதான் முதலாளி தரப்புல ஒரு டயலாக் வரும்: "அவன் கவனமா இருந்திருந்தா அடிபட்டிருக்காது." இதைக் கேட்டதும் பாதிப்பேர் குனிஞ்ச தலையோட வீட்டுக்கு வந்துடறாங்க. உண்மையில இந்தச் சட்டத்தோட அழகே, யார் மேல தப்புன்னு நிரூபிக்க வேண்டியது இல்லைங்குறதுதான். வேலை நேரத்துல, வேலையால அடிபட்டுச்சா? போதும். குடிச்சிருந்தான், பாதுகாப்பு விதியை வேணும்னே மீறினான், மெஷின்ல இருந்த கார்டை வேணும்னே கழட்டி வெச்சான், இந்த மாதிரி இருந்தாத்தான் முதலாளி மறுக்கலாம். அதுலயும் சாவுக்கும் நிரந்தர முழு ஊனத்துக்கும் அந்தச் சாக்கு செல்லாது. அசதியில கண்ணு சொக்கினதும், அவசரத்துல கை தவறினதும் 'வேணும்னே' கணக்குல வராது.

இன்னொரு டயலாக், "அவன் என் ஆளே இல்லை, கான்ட்ராக்ட்." இதுக்கு ஒரு கதை இருக்கு. லா காலேஜ் நண்பர்கள் மட்டும் படிச்சு வெச்சிருக்கிற கதை. எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கணும்.

ஒரு தச்சர். 1968 ஜூலையில ஒரிசாவுல ஒரு சினிமா தியேட்டர்ல அலங்கார மரவேலை செஞ்சிட்டிருந்தப்ப கீழே விழுந்தார். இடது கையை முழங்கைக்கு மேல எடுக்க வேண்டியதாப் போச்சு. தியேட்டர்காரர் முதல்ல, 'அவர் என் தொழிலாளி இல்லை, தற்காலிகமா கான்ட்ராக்ட்ல வந்தவர்'னார். அது எடுபடலை. அப்புறம், 'ஒரு கைதானே போச்சு, முழு ஊனம் இல்லையே'ன்னு வாதாடினார். சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போனார். கேட்டது என்ன தெரியுமா? 9,800 ரூபாய் இழப்பீட்டைக் குறைக்கச் சொல்லி! 1975 டிசம்பர்ல தீர்ப்பு வந்துச்சு. ஒத்தக் கையால தச்சு வேலை செய்ய முடியாது, அதனால அவருக்கு இது 100 சதவீத இழப்புன்னு சொல்லிட்டாங்க. அதோட, பணம் விபத்து நடந்த அன்னிக்கே சேர வேண்டியது, அதிகாரி உத்தரவு போட்ட தேதியில இருந்து இல்லைன்னும் சொன்னாங்க. 50 சதவீத அபராதமும் வட்டியும் உறுதியாச்சு. பேர் பிரதாப் நாராயண் சிங் தேவ் வழக்கு. அரை நூற்றாண்டு ஆச்சு, இன்னிக்கும் இதைக் காட்டித்தான் வாதாடறாங்க. ஒரே விரல் போனாலும், பட்டியல்ல இருக்கிற சதவீதத்தோட விட்டுடாம, 'இவர் செஞ்ச வேலையை இனிமே செய்ய முடியுமா?'ன்னு கேட்க இடம் கிடைச்சது இந்தத் தச்சராலதான்.

சரி, நம்ம மாவட்டத்துக்கே வருவோம். 2020 மறக்காது. லாக்டவுன்ல நாம எல்லாரும் ஆன்லைன் கிளாஸ்ல கேமராவை ஆஃப் பண்ணிட்டுத் தூங்கிட்டிருந்த நேரம். மே 7-ம் தேதி நெய்வேலி இரண்டாம் அனல்மின் நிலையத்துல பாய்லர் வெடிச்சு 8 பேர் கருகினாங்க, அதுல சிலர் பிழைக்கலை. ரெண்டு மாசம்கூட முடியலை, ஜூலை 1-ம் தேதி அதே நிலையத்துல இன்னொரு பாய்லர். அங்கேயே 6 பேர். சென்னை ஆஸ்பத்திரியில இருந்து அடுத்தடுத்து செய்தி வந்து, எண்ணிக்கை பத்தைத் தாண்டிப் போச்சு. பலர் ஒப்பந்தத் தொழிலாளிகள். இறந்தவங்க குடும்பத்துக்கு 30 லட்சம்னு முடிவாச்சு, பசுமைத் தீர்ப்பாயம் நிர்வாகத்து மேல 5 கோடி இடைக்கால அபராதம் போட்டுச்சு.

கான்ட்ராக்டர் மூலமா வந்த ஆளுக்கு அடிபட்டாலும் முதன்மை முதலாளி பணம் கொடுக்கணும், அப்புறம் அவர் கான்ட்ராக்டர்கிட்ட வசூல் பண்ணிக்கலாம். இதுதான் சட்டம். நெய்வேலியில கேட் முன்னாடி கூட்டம் இருந்துச்சு, சங்கம் இருந்துச்சு, டி.வி. கேமரா இருந்துச்சு. பத்துக்குப் பத்து ஷெட்டுல ஒரு பொண்ணுக்கு விரல் நசுங்குனா எந்த கேமராவும் வராது. அவங்களுக்கும் சட்டம் அதேதான். கேட்க ஆள் இல்லாததுதான் வித்தியாசம்.

வேலைக்குப் போற வழியில அடிபட்டா? மகாராஷ்டிராவுல ஒரு சர்க்கரை ஆலை வாட்ச்மேன். 2003 ஏப்ரல்ல அதிகாலை 3 மணி ஷிப்டுக்கு பைக்ல போனவர், ஆலைக்கு 5 கிலோமீட்டர் முன்னாடி விபத்துல இறந்துட்டார். 'ஆலைக்குள்ள நடக்கலையே'ன்னு வழக்கு இழுத்துக்கிட்டே போச்சு. 2025 ஜூலையில சுப்ரீம் கோர்ட் அந்தக் குடும்பத்துக்குச் சாதகமாச் சொல்லுச்சு. 22 வருஷம்! விபத்து நடந்த நேரம், இடம், வேலை மூணுக்கும் தொடர்பு இருந்தா போக வர வழியும் வேலையில சேர்த்திதான். புதுச் சட்டத் தொகுப்புலயும் இதை எழுதியே வெச்சுட்டாங்க. நெல்லிக்குப்பம், கடலூர் சிப்காட்டுன்னு ராத்திரி ஷிப்டுக்கு டூவீலர்ல போற அண்ணன்மார் இருக்கிற வீடுகள்ல இதைச் சத்தமா படிச்சுக் காட்டுங்க.

இ.எஸ்.ஐ. இருந்தா ரூட்டு வேற. பொதுவா 10 பேரோ அதுக்கு மேலயோ வேலை பார்க்கிற இடத்துல, மாசம் 21,000 வரை சம்பளம் வாங்கறவங்களுக்கு அது உண்டு. சம்பளச் சீட்டுல 0.75 சதவீதம் பிடிச்சிருந்தா இருக்குன்னு அர்த்தம். வைத்தியம் இலவசம், வேலைக்குப் போக முடியாத நாளுக்கு சராசரி தினக்கூலியில 90 சதவீதம். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் உண்டு. ஆனா இ.எஸ்.ஐ. கிடைக்கிறவங்க முதலாளிகிட்ட மேல சொன்ன இழப்பீட்டைக் கேட்க முடியாது. ரெண்டுல ஒண்ணுதான்.

இப்போ நீங்க நேரடியா செய்ய வேண்டிய வேலை. வழக்கு ஜெயிக்கிறதும் தோக்கறதும் பெரும்பாலும் முதல் ஒரு நாள்லயே முடிவாயிடுது. கோர்ட்ல இல்லை, கேஷுவாலிட்டியில. டாக்டர் 'எப்படி அடிபட்டுச்சு?'ன்னு கேட்பார். அதை ஆக்ஸிடென்ட் ரிஜிஸ்டர்ல எழுதுவாங்க. ஏ.ஆர். காப்பின்னு அரசு ஆஸ்பத்திரியில எல்லாருக்கும் தெரியும். 'வீட்டுல கதவு இடுக்குல'ன்னு அங்க ஏறிடுச்சுன்னா, அப்புறம் நீங்க எவ்வளவு பெரிய வக்கீலைப் பிடிச்சாலும் எதிர்த்தரப்பு அந்த ஒத்த வரியைத்தான் தூக்கிக் காட்டும். மேஸ்திரி என்ன சொன்னாலும் சரி, நீங்க பக்கத்துல நின்னு 'இன்ன இடத்துல, இன்ன மெஷின்ல, வேலை செய்யும்போது'ன்னு சொல்லி எழுத வைங்க. டிஸ்சார்ஜ் சம்மரியிலயும் அதே வார்த்தை இருக்கான்னு படிச்சுப் பாருங்க. வெறும் 'விரல் காயம்'னு இருந்தா திருத்திக் கேளுங்க.

அடுத்து சம்பளத்துக்கு ஆதாரம். கைக்காசா கொடுக்கிற இடத்துல இதுதான் பெரிய தலைவலி. முதலாளி கூலியைப் பாதியாக் குறைச்சுச் சொல்வார், இல்லை ஆளையே தெரியாதும்பார். கூகுள் பேயில வந்த பணம், மேஸ்திரி 'காலைல 8 மணிக்கு வந்துடு'ன்னு அனுப்பின வாட்ஸ்அப் வாய்ஸ், ஷெட்டுல எடுத்த செல்ஃபி, கிலோ கணக்கு எழுதின சின்ன நோட்டு, எல்லாமே ஆதாரம். கூட வேலை பார்த்தவங்க ரெண்டு பேர் பேரையும் எழுதி வைங்க. நாளைக்கு அவங்களையும் மிரட்டுவாங்கதான். யாராவது ஒருத்தர் நிப்பாங்க.

விபத்து நடந்ததை முதலாளிக்கு எழுத்துல தெரிவிக்கணும். ஸ்பீட் போஸ்ட்ல ஒரு பக்கம் போதும், டெலிவரி ஆனதுக்கான ஆதாரத்தோட. சட்டத்தமிழ் எல்லாம் வேண்டாம். தேதி, நேரம், இடம், என்ன காயம், எந்த ஆஸ்பத்திரி. நம்ம அசைன்மென்ட்டை விட சுலபம். 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை'ன்னு எழுதின வெத்துப் பேப்பர்ல கையெழுத்து வாங்கிட்டாங்களா? பயப்படாதீங்க, சட்டம் கொடுத்த இழப்பீட்டு உரிமையை விட்டுக் கொடுக்கிற மாதிரி போடற ஒப்பந்தம் செல்லாது. இறந்தவங்க விஷயத்துல இழப்பீட்டை அதிகாரிகிட்டதான் டெபாசிட் பண்ணணும். துக்க வீட்டுல கையில திணிச்ச கவரைக் காட்டி, முன்பணமா ஒரு அளவுக்குக் கழிச்சுக்கலாமே தவிர, கணக்கை முடிச்சுட்டேன்னு சொல்ல முடியாது.

முதலாளி ஒரு மாசத்துக்குள்ள கொடுக்கலைன்னா வட்டி ஏறும். நியாயமான காரணம் இல்லாம இழுத்தடிச்சா பாதித் தொகை வரைக்கும் அபராதம். மனுவை மாவட்டத் தொழிலாளர் துறை அலுவலகத்துல கொடுக்கலாம். வக்கீல் வெச்சுக்க வசதி இல்லைன்னா மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கு. பெண்கள், எஸ்.சி., எஸ்.டி., ஆலைத் தொழிலாளர்கள், மாற்றுத்திறனாளிகளுக்கு வருமானமே பார்க்காம இலவச வக்கீல். 15100-க்குப் போன் போட்டாலே வழி சொல்வாங்க. விபத்து நடந்து 2 வருஷத்துக்குள்ள மனு போகணும், அதுதான் முக்கியம். 'பையனுக்கு வேலை போட்டுத் தரேன், பொறு பொறு'ன்னு 23 மாசம் ஓட்டற முதலாளிகளுக்கு இந்தத் தேதி நல்லாவே தெரியும்.

லீவுல வேலைக்குப் போற உங்க கதை? அரிசி ஆலை, பிரிண்டிங் பிரஸ், கட்டட வேலை, லோடு ஏத்தறதுன்னு கூலிக்குப் போனா, 'பத்து நாள் டெம்பரரிதானே'ங்குற பேச்சு எடுபடாது. பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. முடிச்சு அப்ரண்டிஸா இருக்கிறவங்களுக்கு 1961 அப்ரண்டிஸ் சட்டத்துலேயே இழப்பீடு உண்டு, அதே கணக்குல. சம்பளமே இல்லாத இன்டர்ன்ஷிப், இன்பிளான்ட் டிரெய்னிங்தான் ஓட்டை. போறதுக்கு முன்னாடி, அடிபட்டா யார் பொறுப்புன்னு காலேஜ்ல எழுத்துல கேளுங்க. ஹெச்.ஓ.டி. முறைப்பார், பரவாயில்லை. சாப்பாடு டெலிவரி பண்ற நண்பர்களைச் சட்டம் இன்னும் 'கிக் தொழிலாளி'ன்னு தனி வரிசையிலதான் உட்கார வெச்சிருக்கு, இந்த இழப்பீட்டுக் கணக்கு அவங்களுக்கு நேரடியா வராது. கம்பெனி இன்சூரன்ஸ் என்ன இருக்குன்னு ஆப்ல தேடிப் பாருங்க. பேங்க்ல வருஷம் 20 ரூபாய்க்குப் பிரதமர் சுரக்ஷா விபத்துக் காப்பீடு இருக்கு, சாவுக்கும் முழு ஊனத்துக்கும் 2 லட்சம். ரெண்டு டீ காசு, போட்டு வைங்க.

கடைசியா மறுபடியும் முந்திரிக்கு. விரல் போறது ஒரு நொடியில நடக்கிற விபத்து. தோல் போறது வருஷக்கணக்குல நடக்கறது, அதை யாரும் விபத்துன்னே சொல்றதில்லை. ஆனா சட்டத்துல தொழில்சார் நோய்கள்னு தனிப் பட்டியல் இருக்கு, அதுல ரசாயனத்தால வர்ற தோல் நோயும் உண்டு. ஒரே முதலாளிகிட்ட தொடர்ந்து ஆறு மாசமாவது அந்த வேலை பார்த்திருக்கணும். அதை நிரூபிக்கிறதுக்கு எந்த ஷெட்டுலயும் ரிஜிஸ்டர் இருக்காது. அதனால இந்த வாரம் ஊருக்குப் போனா, அம்மா எந்த வருஷம், எந்த மாசம் அந்த ஷெட்டுக்குப் போக ஆரம்பிச்சாங்கன்னு கேளுங்க. 'நீ ஆறாவது படிக்கிறப்ப, பொங்கலுக்கு முன்னாடி'ன்னுதான் பதில் வரும். அதையும் ஒரு நோட்டுல தேதி போட்டு எழுதிக்கோங்க, அப்படியே கையையும் ஒரு போட்டோ எடுத்துடுங்க.